மார்ச்சுக்குப் போன கூட்டம்

பல் பிடுங்கிய கையோடு யாரும் மக்காச்சோளம் வாங்கப் போகக் கூடாது. பிலார்ஸ்கி போனார்.

போகாமல் இருந்திருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் படு என்றுதான் பல் டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை பிலார்ஸ்கி. டாக்டர், வக்கீல், வானிலை சொல்கிறவன், டிவியில் டை கட்டிக்கொண்டு சந்தை பேசுகிறவன், எவன் வாயைத் திறந்தாலும் இதில் இவனுக்கு என்ன லாபம் என்றுதான் முதலில் பார்ப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே அறுபத்தேழு வயது வரை சிகாகோவில் சந்தைக்காரனாகக் காலத்தை ஓட்டிவிட்டார். தன்னைப் படுக்கச் சொல்வதில் பல் டாக்டருக்கு என்ன லாபம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாவிட்டாலும் நம்பவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு ரயிலேறி, சந்தைக்காரர்கள் பிழைக்கிற லாசால் தெருவுக்கு வந்து சேர்ந்தார்.

நவம்பர். தேங்ஸ்கிவிங் விருந்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஏரிக்காற்று தெருவுக்குள் புகுந்து ஆளை அறைந்துகொண்டிருந்தது. பிலார்ஸ்கியின் இடது கன்னம் மரத்துக் கிடந்ததால் அந்தப் பக்கம் விழுந்த அறை தெரியவில்லை.

அங்கே ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது மோரீன் கில்ஹூலியின் அறை. பெயர்ப்பலகை கிடையாது. நீள மேசைகள், திரைகள், நாற்காலிகள், சுவரோரம் காபி இயந்திரம், அவ்வளவுதான். பணம் மோரீனுடையது. உட்கார்ந்து வாங்கி விற்பவர்கள் லாபத்தில் பங்கு எடுத்துக்கொள்வார்கள். நஷ்டத்துக்கு மட்டும் அவள் ஒரு வேலி போட்டிருந்தாள். ஒவ்வொருவர் திரையின் மூலையிலும் தினமும் காலையில் முழு அளவில் ஒரு பச்சைப் பட்டை இருக்கும். நஷ்டம் ஏற ஏறப் பட்டை குறையும். பட்டை தீர்ந்தால் திரை சாம்பல் நிறமாகிவிடும், அதன்பின் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வேலை செய்யாது, கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரே பருவத்தில் இரண்டு முறை சாம்பலானால் நாற்காலி போய்விடும். அதில் பேச்சு கிடையாது. மோரீனின் சொந்தத் தம்பியே இரண்டாவது சாம்பலில் எழுந்து போனவன்தான்.

அந்தச் சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. அடுத்தவன் பணத்தில் ஆடுகிறவனுக்கு வேலி இல்லாவிட்டால் கட்டடத்தையே விற்றுவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

அக்டோபரில் கோதுமையில் பிலார்ஸ்கிக்கு ஒரு சாம்பல் ஆகியிருந்தது. இன்னொன்று ஆனால் நாற்காலி போகும். நாற்காலி போனால் அரிசோனா. அது பெர்னடின் போட்ட கணக்கு. அவர் மனைவி. அவளுடைய அக்கா அரிசோனாவில் வெயிலில் உட்கார்ந்துகொண்டு, வா வா என்று நான்கு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்டோபரில் சாம்பலான அன்றைக்கு, சாப்பாட்டு மேசையில், பெர்னடின் சண்டை எதுவும் போடாமல் சொன்னாள்.

"ஜெரி, இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா வீட்டை வித்துட்டு அக்கா ஊருக்குப் போயிடலாம். சரியா?"

"அங்க போய் நான் என்ன பண்றது?"

"உட்காரு."

"எங்க உட்கார்றது?"

"ஊர் பூரா நாற்காலிதான் ஜெரி. வெயில்ல போட்டு வெச்சிருக்காங்க."

அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டார். வீட்டுப் பணத்தைச் சந்தையில் போடுவதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே சொன்ன வார்த்தையை இன்றுவரை காப்பாற்றியவர். இதையும் காப்பாற்றத்தான் வேண்டும். மோரீனின் நாற்காலி இல்லாவிட்டால் அவர் கையில் சந்தை இல்லை. வேறு எந்த அறையிலும் இந்த வயதுக்காரனை உட்கார வைக்க மாட்டார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சந்தை திறந்து நேரமாகியிருந்தது. பக்கத்து நாற்காலி வெண்டல் திரும்பிப் பார்த்தான். பெரிய உடம்பு, பெரிய வாய், ஐம்பதைத் தாண்டியும் கல்லூரிப் பையன் மாதிரிச் சிரிப்பு. அன்றைக்குச் சட்டை முன்பக்கம் முழுக்கச் சர்க்கரைத் தூள்.

"என்ன பெருசு, பல்லு போச்சா?"

"போச்சு."

"உன் கடியெல்லாம் இனிமே பாதிதான்னு சொல்லு."

"மீதிப் பாதி உனக்குப் போதும்."

மரத்த வாயில் அது "போஹும்" என்று வந்தது. வெண்டல் மேசையைத் தட்டிச் சிரித்தான். பிலார்ஸ்கி கோட்டை மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

மற்றவர்கள் நாலு திரை, ஆறு திரை வைத்திருந்தார்கள். திரை முழுக்க வளைகோடுகள், நிறங்கள், அம்புக்குறிகள். பிலார்ஸ்கியிடம் ஒரே திரை, ஒரே சார்ட். மேலே விலை, கீழே வால்யூம், அதாவது எத்தனை கை மாறியது என்கிற கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு விலைக் கட்டை, அதற்கு நேர் கீழே ஒரு வால்யூம் குச்சி. இது போதும் என்பார். விலை எதை வேண்டுமானாலும் சொல்லும். சொன்னதற்கு ஆள் பலம் இருக்கிறதா என்று குச்சி சொல்லும். ஒரு கதவு திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் தோள் கொடுத்துத் தள்ளியிருந்தால் அது திறந்ததுதான். ஆளே இல்லாமல் திறந்தால் காற்று, கொஞ்ச நேரத்தில் தானே வந்து சாத்திக்கொள்ளும். அவர் பிழைப்பு முழுக்க இதில்தான் ஓடியது. இறங்குகிற விலைக்குக் கீழே குச்சிகள் உயரமாக இருந்தால் ஒதுங்கி நிற்பார். குட்டையாக இருந்தால் வாங்குவார்.

அன்றைக்கு மக்காச்சோளம் விலை இறங்கிக்கொண்டிருந்தது. கீழே குச்சிகள் குட்டை. கட்டைக்குக் கட்டை இன்னும் குட்டை.

பிலார்ஸ்கி உடனே பாயவில்லை. பஞ்சை மாற்றிக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். விலை இன்னும் ஒரு படி இறங்கியது. குச்சி எழும்பவே இல்லை. விற்கிறவன் எவனும் இல்லை, சும்மா சரிகிறது. காற்று. வாங்கினார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அது நடந்துவிட்டது என்று அவருக்கு அப்போது தெரியாது.

இந்தச் சந்தையில் கை மாறுவது இன்றைய சோளம் இல்லை. டிசம்பரில் கொடுக்க வேண்டிய சோளம், மார்ச்சில் கொடுக்க வேண்டிய சோளம் என்று தவணைக்கு ஒரு சரக்கு. கை மாறுகிற ஒவ்வொரு ஒப்பந்தமும் ஒரு கான்ட்ராக்ட். டிசம்பர் நெருங்க நெருங்க, நிஜமாகவே லாரி லாரியாகச் சோளம் தன் தலையில் வந்து இறங்குவதை விரும்பாத ஆட்களெல்லாம் டிசம்பரை விட்டுவிட்டு மார்ச்சுக்குத் தாவுவார்கள். விலைகள் இரண்டும் ஒரே எஞ்சினில் கோத்த இரண்டு பெட்டி மாதிரி சேர்ந்தேதான் ஓடும். ஆனால் கூட்டம் ஒரு பெட்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிவிடும். அதன்பின் டிசம்பர் சார்ட்டில் வால்யூம் பார்ப்பது காலிப் பெட்டியில் டிக்கெட் எண்ணுகிற கதைதான்.

முன்பு ஆட்கள் நேரில் நின்று கத்தி வாங்கி விற்ற காலத்தில் இதைத் தவறவிட வழியே இல்லை. சோளத்துக்கு என்று படிகள் வைத்த ஒரு பள்ளம், குழி என்பார்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் படியில் ஒரு இடம். கூட்டம் மாறுகிற அன்று முந்நூறு பேர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகர்வார்கள், முழங்கை விலாவில் இடிக்கும், பூட்ஸ் காலை மிதிக்கும். கண் தெரியாதவனுக்கும் தெரிந்துவிடும். திரையில் யாரும் யாரையும் மிதிப்பதில்லை.

அதனால் மோரீனின் அறையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மார்ச்சின் வால்யூம் டிசம்பரைத் தாண்டுவதை எவன் முதலில் பார்க்கிறானோ, அவன் கீழே கடைக்குப் போய் டோனட் வாங்கிவந்து ஒவ்வொருவர் கீபோர்டின் மேலும் ஒன்று வைப்பான். வாயால் சொல்வதில்லை. டோனட்டை எடுக்காமல் ஒரு எழுத்துத் தட்ட முடியாது. எடுத்தவன் சார்ட்டை அடுத்த மாதத்துக்கு மாற்றிக்கொள்வான்.

எப்போதும் தேங்ஸ்கிவிங்கை ஒட்டித்தான் கூட்டம் மாறும். இந்த வருடம் பெரிய கைகள் முந்திக்கொண்டு நகர்ந்துவிட்டன. அன்றைக்குக் காலையில் அதை முதலில் பார்த்தவன் வெண்டல். டோனட் வாங்கியதும் அவனே, வைத்ததும் அவனே. பிலார்ஸ்கியின் கீபோர்டிலும் ஒன்று வைத்தான், சர்க்கரை தூவியது. ஆள் வரவில்லை. பல் பிடுங்கப் போயிருக்கிறார் என்று மோரீன் சொன்னாள். பல் பிடுங்கினவன் எங்கே டோனட் தின்பது என்று வெண்டலுக்குத் தோன்றியது. எடுத்துத் தின்றுவிட்டான்.

பிலார்ஸ்கி கீபோர்டில் கை வைத்தபோது அது காலியாக இருந்தது. சார்ட் டிசம்பரிலேயே நின்றது.

விலை இன்னும் இறங்கியது. குச்சிகள் கடுகு அளவுக்கு வந்துவிட்டன. இத்தனை குட்டையாக அவர் பார்த்ததே இல்லை. அங்கேயே நிறுத்தி, ஏன் இத்தனை குட்டை என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குட்டை என்றால் நல்லது, ரொம்பக் குட்டை என்றால் ரொம்ப நல்லது என்று எடுத்துக்கொண்டார். மரத்த வாயோடு மண்டையும் கொஞ்சம் மரத்திருந்ததோ என்னவோ. இன்னொரு முறை வாங்கினார்.

பச்சைப் பட்டை பாதியானது.

வெண்டலின் கண் அந்தப் பக்கம் போனது. அடுத்தவன் திரையைப் பார்க்கக் கூடாது என்று அறையில் ஒரு மரியாதை உண்டு. வெண்டலுக்கு மரியாதையெல்லாம் மதியத்துக்கு மேல்தான்.

"பெருசு, வாங்கி வெச்சிருக்கியா?"

"என் பக்கம் பாக்காத."

"இல்ல, எல்லாரும் விக்கிறாங்க..."

"எல்லாரும் விக்கிறாங்கன்னா குச்சி எங்கய்யா? உன் கண்ணுக்கு மட்டும் தெரியுதா?"

"நீ சார்ட்ட கொஞ்சம்..."

"வெண்டல், நீ வித்திருக்கியா இல்லியா?"

"வித்திருக்கேன்."

"அப்ப வாய மூடு."

வெண்டல் மூடிக்கொண்டான். பிலார்ஸ்கியைப் பொறுத்தவரை கணக்கு முடிந்துவிட்டது. முதலில் விற்றவனுக்கு விலை இறங்கினால்தான் லாபம், அப்போது மலிவாகத் திருப்பி வாங்கிக்கொள்வான். விற்றவன், வாங்கியவனைப் பயமுறுத்தி வெளியே தள்ளப் பார்க்கிறான். குழியில் இதை ஆயிரம் முறை பார்த்தவர். உன் காதோரம் வந்து நல்லது சொல்கிறவன் கையில் உனக்கு விற்க ஏதோ இருக்கும். இத்தனைக்கும் வெண்டல் கெட்டவன் இல்லை என்று அவருக்குத் தெரியும். பதினைந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவன். பெர்னடினுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் வந்து கிடந்தவன். அதெல்லாம் வேறு. சந்தை நேரத்தில் அவன் விற்றவன்.

செல்போன் அடித்தது. பெர்னடின்.

"ஜெரி, படுத்திருக்கியா?"

"உட்கார்ந்திருக்கேன்."

"எங்க?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"எனக்குத் தெரியும். சூடா எதையும் குடிக்காத. ரத்தம் நிக்காது."

"சரி."

"அக்கா ஒரு படம் அனுப்பியிருக்கா. அவ வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி, வாசல்ல ஆரஞ்சு மரம். நவம்பர்ல பழம் தொங்குது ஜெரி."

"நல்லாயிருக்கும்."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வாய் மரத்திருக்கு."

"வாய்தானே?" என்றாள் பெர்னடின். வைத்துவிட்டாள்.

பட்டையில் கால்வாசிதான் பாக்கி. சோளம் நிற்கவில்லை. ஒரு கால் சென்ட், இன்னொரு கால் சென்ட் என்று படியிறங்கிக்கொண்டே இருந்தது. பிலார்ஸ்கி பார்த்துக்கொண்டிருந்தார். பயம் என்று சொல்ல முடியாது. பழகிய கை ஒன்று தோளில் விழுந்து, வா போகலாம் என்று கூப்பிடுவது போலிருந்தது. குச்சி பொய் சொல்லாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். காற்றுதான். சாத்திக்கொள்ளும்.

நாற்காலி கிறீச்சிட்டது. வெண்டல் எழுந்து அவர் மேசைக்கே வந்து நின்றான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"உன் டோனட்ட நான் தின்னுட்டேன்," என்றான்.

"எந்த டோனட்டு?"

"காலைல உன் கீபோர்டு மேல வெச்சது. நான்தான் வெச்சேன். நீ வரல. பல்லு இல்லாதவன் எங்க திங்கப் போறான்னு நானே எடுத்துத் தின்னுட்டேன். அப்புறம் மறந்தும் போச்சு. நீ இப்பிடி வாங்கிக்கிட்டே போவேன்னு நெனக்கல."

பிலார்ஸ்கி அவன் சட்டையைப் பார்த்தார். சர்க்கரைத் தூள். மேசை வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு குப்பைக் கூடையிலும் கசங்கிய மெழுகுத்தாள்.

அப்போதுகூட அவர் மண்டைக்குள் ஒரு குரல், விற்றவன் என்ன வேண்டுமானாலும் சொல்வான் என்றது. ஒரு டோனட் கதை கட்டுவதா கஷ்டம்? பட்டை மெலிந்துகொண்டிருந்தது. வெண்டலை நம்புவதா வேண்டாமா என்பதில் நேரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு, இதில் நம்புவதற்கு என்ன இருக்கிறது, பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்று தோன்றியது. மாதத்தை மாற்ற ஒரே ஒரு எழுத்துத் தட்ட வேண்டும். தட்டினார்.

மார்ச் வந்தது.

அதே இறக்கம், அதே படிகள். ஆனால் கீழே குச்சிகள் லாசால் தெருக் கட்டடங்கள் மாதிரி வரிசையாக எழுந்து நின்றன. காலையிலிருந்து ஊரே தோள் கொடுத்துத் தள்ளியிருக்கிறது.

பிலார்ஸ்கி வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கூடையில் போட்டார். வாங்கியதை எல்லாம் ஒரே தட்டில் விற்றார். கொடுத்த விலை மோசமான விலை. பட்டை ஒரு நூல் அளவுக்கு நின்றது. பச்சை என்று சொல்லவே கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் சாம்பல் இல்லை.

"தப்பிச்சியா?" என்றான் வெண்டல்.

"நூல்ல."

"என்னைத் திட்டிடு பெருசு. நல்லா நாலு வார்த்தை திட்டு. மனசு ஆறும்."

"யாரு மனசு?"

"என் மனசுதான்."

"உன் மனசுக்காக எல்லாம் நான் வாய வலிச்சுக்க முடியாது. போய் உட்காரு."

வெண்டல் போய் உட்கார்ந்தான். மோரீன் தன் கண்ணாடி அறையிலிருந்து வந்தாள். எல்லார் பட்டையும் அவள் திரையில் தெரியும். நரைத்த முடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தாள். குரலை உயர்த்த மாட்டாள், உயர்த்தினதாக யாருக்கும் நினைவில்லை.

"வீட்டுக்குப் போயிடுறீங்களா ஜெரோம்?"

"இல்ல மோரீன். சந்தை மூடுற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்."

"ஒரு கான்ட்ராக்ட் தொட்டாலும், விலை ரெண்டு துடிப்பு, அரை சென்ட்டு தப்பாப் போனா தீர்ந்துடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"டோனட் கதையெல்லாம் கேள்விப்பட்டேன். அதுக்காகச் சட்டத்த மாத்த மாட்டேன்."

"நான் கேக்கலியே."

அவள் அவர் கன்னத்தின் வீக்கத்தைப் பார்த்தாள். பிறகு, "ஐஸ் வேணும்னா என் ஃப்ரிட்ஜ்ல இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிலார்ஸ்கி மார்ச்சைப் பார்க்க ஆரம்பித்தார். வேறு வேலை இல்லை. கன்னம் மெல்ல உயிர் பெற்று விண்விண் என்றது.

அப்போதுதான் அது வந்தது.

விலை நாளின் அடிமட்டத்துக்குப் போய் நின்றது. கீழே ஒரு குச்சி எழுந்தது, அன்றைக்கு இருந்ததிலேயே உயரமான குச்சி. மேலே விலைக் கட்டையோ பொடியாகச் சுருங்கிக் கிடந்தது. அடுத்த ஐந்து நிமிடம். அதைவிட உயரமான குச்சி. விலை ஒரு கால் சென்ட்கூட இறங்கவில்லை. மூன்றாவதும் அப்படியே.

எல்லாரும் தள்ளுகிறார்கள், கதவு அசையவில்லை. அப்படியானால் அந்தப் பக்கம் எவனோ ஒருவன் சத்தம் போடாமல் தோளைக் கொடுத்து நிற்கிறான். விற்கிறதையெல்லாம் வாயைத் திறக்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறான். விற்கிறவர்கள் களைத்த நிமிடத்தில் இது திரும்பும். பிலார்ஸ்கிக்கு உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த விஷயங்கள் கொஞ்சம். பெர்னடினின் காலடிச் சத்தம், சாப்பிட்டதும் தனக்கு வருகிற ஏப்பம், அப்புறம் இது.

அவர் கை மவுஸின் மேல் போய் உட்கார்ந்தது.

ஒரே ஒரு கான்ட்ராக்ட். காலையில் விட்டதில் பாதி வந்துவிடும். இரண்டு என்றால் முழுதும். அவர் மூலையைப் பார்த்தார். நூல். திரும்புகிற விலை நேராகத் திரும்பாது, பெரும்பாலும் கடைசியாக ஒரு தரம் கீழே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பும். சாதாரணமாக மூச்சு விடுகிற அளவுக்கு அசைந்தாலே நூல் அறுந்துவிடும். அறுந்தால் சோளம் அப்புறம் வானத்துக்கே ஏறினாலும், பார்க்க நாற்காலி இருக்காது.

இதுவும் அவருக்குத் தெரியும். அவர் வாசிப்பு சரி. ஆனால் சரியாக வாசித்ததைக் காத்து நிற்கக் கையில் இடமில்லை. காலையில் தப்பாக வாசித்தபோது பட்டை முழுதாக இருந்தது. சந்தை அப்படித்தான், வசதி பார்த்து வராது.

கையை மவுஸிலிருந்து எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார். பிறகு, பதினைந்து வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார்.

"வெண்டல்."

"என்ன?"

"வித்தத மூடிட்டியா?"

"இல்ல. இன்னும் இறங்கும் போல இருக்கே."

"கடைசி மூணு குச்சியப் பாரு. அப்புறம் விலையப் பாரு."

வெண்டல் பார்த்தான். ஆறு திரையிலும் பார்த்தான்.

"எவனோ வாங்குறான்," என்றான் மெதுவாக.

"எனக்கும் அப்பிடித்தான் தெரியுது."

வெண்டல் நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தான். "பெருசு, நிஜமாச் சொல்றியா, இல்ல டோனட்டுக்குக் கணக்குத் தீக்கிறியா?"

பிலார்ஸ்கிக்கு வலித்த வாயிலும் சிரிப்பு வந்துவிட்டது. "இதே சந்தேகம்தான்டா எனக்கும் உன் மேல வந்துச்சு, காலைல."

"நீ வாங்கியிருக்கியா?"

"இல்ல. ஒண்ணும் இல்ல. என் கை ரெண்டும் பையில இருக்கு, பாத்துக்க."

"அப்ப உனக்கு இதுல என்ன லாபம்?"

பிலார்ஸ்கி யோசித்தார். "ஒண்ணுமில்ல," என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது வினோதமாக இருந்தது.

வெண்டல் தாடையைத் தடவினான். ஒருமுறை எழுந்து உட்கார்ந்தான். தாயாரையும் சோளத்தையும் சேர்த்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். விற்றதைத் திருப்பி வாங்கிக் கணக்கை மூடினான். மூடிவிட்டுச் சின்னதாக ஒரு வாங்கலும் போட்டான்.

அடுத்த கட்டையிலேயே விலை கிளம்பியது. கடைசியாக ஒருமுறை கீழே எட்டிப் பார்க்கும் என்று பிலார்ஸ்கி எதிர்பார்த்தாரே, பார்க்கவில்லை. ஒரு துடிப்புகூடக் கீழே வரவில்லை. நேராக ஏறியது, இறங்கிய படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டிக்கொண்டு. குச்சிகளும் கூடவே ஏறின. வாங்கியிருந்தால் நூல் அறுந்திருக்காது. காலை நஷ்டம் முழுதும் வந்து மேலேயும் போயிருக்கும்.

பிலார்ஸ்கி அதையும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கைகள் பையில். கன்னம் இப்போது முழுக்க விழித்துக்கொண்டு சம்மட்டியால் அடித்தது. மோரீனின் ஃப்ரிட்ஜிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த ஐஸ் பையைக் கன்னத்தில் வைத்துக்கொள்ள ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தார். அது மவுஸ் பிடிக்காத கை.

சந்தை மூடியது. அறையில் பேச்சு எழுந்தது, கோட்டுகள் கொக்கியிலிருந்து இறங்கின. வெண்டலின் முகம் முழுக்கச் சிரிப்பு. பிலார்ஸ்கியைப் பார்த்ததும் அதைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொண்டான்.

"நீ ஒண்ணே ஒண்ணு வாங்கியிருந்தாக்கூட..."

"வாங்கல."

"இல்ல, வாங்கியிருந்தா..."

"நான் வாங்கியிருந்தா அது கீழ போயிருக்கும். எனக்கு அதத் தெரியும், அதுக்கும் தெரியும். விடு."

"வயிறு எரியலயா பெருசு?"

"எரியுது. எரியாம? கண்ணு முன்னால ஏறிச்சே." ஐஸ் பையை மறு கைக்கு மாற்றினார். "நாளைக்குச் சந்தை உண்டா இல்லியா?"

"உண்டு."

"அப்ப சரி."

வெண்டல் போனான். பெர்னடினுக்குப் போன் போட்டார். எடுத்ததும் அவள் கேட்டது ஒரே வார்த்தை.

"சாம்பலா?"

"இல்ல."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை மூடுகிற சத்தம். அவளுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று அவரால் படிக்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் அது மட்டும் பிடிபடவில்லை.

"சூப் வெச்சிருக்கேன்," என்றாள். "ஆறட்டும்னு எறக்கி வெச்சுட்டேன். வா."

பிலார்ஸ்கி கோட்டை மாட்டினார். திரை ஓரத்தில் அந்த நூல் இன்னும் பச்சையாக நின்றது. காலையில் அது முழுப் பட்டையாக வந்துவிடும். நாற்காலியை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, விளக்குகளை அணைக்க ஆரம்பித்திருந்த மோரீனிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சூப் முழுக்க ஆறிவிடுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்று கிளம்பினார்.